இரண்டு மார்க் தலைவன்

"உங்க நாலு கட்டத்துல என் வீட்டுக்காரரு எந்தக் கட்டத்துல இருக்காருக்கா?"

கிரில் கேட்டைத் திறந்ததும் திறக்காததுமாக மலர்விழி கேட்ட முதல் கேள்வி இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் காலை நெரிசலில் காரை ஓட்டிக்கொண்டு வந்தவள், கார் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா மலர். முதல்ல உக்காரு."

"உக்கார வரல. பதில் சொல்லுங்க."

லோகேஸ்வரிக்குப் பதில் தெரியும். சிவப்புக் கட்டம். அதை ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை.

நடந்தது நம்மில் பலருக்குத் தெரியும். இன்று புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. அங்கே மாவு உருட்டும் பிரிவில் திருமுருகன் சூப்பர்வைசர். லோகேஸ்வரியின் கணவர் கமலநாதனுக்கு உடன்பிறந்த தம்பி, மலர்விழியின் புருஷன். போன வாரம் மாவு உருட்டும் மெஷினில் ஷாஹுல் ஹமீதுவின் கை சிக்கிக்கொண்டது. ஷாஹுல் இராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் கடல் தாண்டி வந்தவன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். இரண்டு விரல் நசுங்கிப் போயிற்று.

திருமுருகன் ஓடிப்போய் மொத்த லைனையும் நிறுத்தினான். நிறுத்தியதோடு விட்டானா? உருளைக்குள் கை போகாமல் தடுக்கிற, யாரோ கழற்றி வைத்திருந்த கம்பி வலையைத் திரும்ப மாட்டுகிறவரைக்கும் இதில் எவனும் கை வைக்கக்கூடாது என்று ஒரே பிடிவாதமாக நின்றான். பெரிய அதிகாரி வந்து கத்தினார். இவன் அவருக்கு மேல் கத்தினான். கப்பலேற வேண்டிய கண்டெய்னர் ஏறவில்லை. மறுநாளே இவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். இன்று மதியம் விசாரணை.

இதில் லோகேஸ்வரி எங்கே வந்தாள் என்கிறீர்களா? அதுதான் வயிற்றெரிச்சல். கம்பெனிகளுக்குப் போய்த் தலைமைத்துவம் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். இரண்டு மாதத்துக்கு முன் அந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர்களுக்குப் பாடம் எடுத்தவளும் அவள்தான். "எங்க அண்ணி இருக்காங்க சார், நல்லா பேசுவாங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த வேலையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தவனே திருமுருகன்தான். சூப்பர்வைசர்களை நாலு வண்ணக் கட்டத்தில் பிரித்து அவள் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டைத்தான் இப்போது அவன் தலையில் போட்டு உடைக்கப் பார்க்கிறார்கள்.

மலர்விழி போனை எடுத்து, கம்பெனியின் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"தலைமைப் பொறுப்புக்கு இன்னும் தயாராகவில்லை. தன்னம்பிக்கை குறைவு. நெருக்கடியில் உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடியவர். இது யாரு எழுதினது? நீங்கதானே?"

"அது நான் எழுதினது இல்ல மலர். அவரு போட்ட மார்க்குக்கு அந்தக் கட்டம் வந்துச்சு. கட்டத்துக்குக் கீழ அந்த வாசகம் முன்னாடியே இருக்கும்."

"என்னா மார்க்கு?"

"அவருக்கு அவரே போட்டுக்கிட்ட மார்க்கு. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும். திரு எல்லாத்துக்கும் ரெண்டு போட்டிருந்தாரு."

மலர்விழி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு லோகேஸ்வரிக்கு உடம்பு கூசியது.

"அக்கா, எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தப்ப, தம்பி என்ன படிச்சிருக்கீங்கன்னு எங்கப்பா கேட்டதுக்கு, ஏதோ கொஞ்சம் படிச்சிருக்கேன்னு சொன்ன மனுஷன் அவரு. டிப்ளோமா முடிச்சவருன்னு எங்களுக்கு நிச்சயதார்த்தம் முடிஞ்ச பிறகுதான் தெரியும். நீங்களும் கூடத்தானே வந்திருந்தீங்க? அவரு தனக்குத்தானே அஞ்சு போட்டுக்குவாரா?"

மாட்டான். அந்தக் குடும்பத்தில் எவனும் மாட்டான். மாமியார் லெட்சுமி ஊரையே கூட்டி விருந்து வைத்துவிட்டு, "உப்பு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பார்த்துச் சாப்பிடுங்க" என்று சொல்லுவார். கமலநாதனை யாராவது தொழில் எப்படிப் போகுது என்று கேட்டால், "ஏதோ ஓடுது" என்பதுதான் பதில். தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறவனை அந்த வீட்டில் மனுஷனாகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். 'என்னைப் பார்த்து மற்றவர்கள் ஊக்கம் பெறுகிறார்கள்' என்று அச்சடித்த கேள்விக்கு அப்படிப்பட்டவன் என்ன மார்க் போடுவான்?

"தெரியும் மலர். எனக்குத் தெரியாதா? ஆனா சொந்தக்காரங்கன்னு நான் மார்க்கைத் தூக்கிப் போட்டா அது நியாயமா இருக்குமா, நீயே சொல்லு."

"தூக்கிப் போடச் சொல்லலையேக்கா. வேற யாராச்சும் அப்படி வரிசையா ரெண்டு ரெண்டா போட்டிருந்தா, கூப்பிட்டு, ஏன் தம்பி இப்படிப் போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா, மாட்டீங்களா?"

லோகேஸ்வரி பார்வையைக் கிரில் கேட்டின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கேட்டிருப்பீங்க. ஊரான் வீட்டுப் பிள்ளையா இருந்தா கேட்டிருப்பீங்க. உங்க நேர்மையைக் காட்ட எங்க வீடுதான் கிடைச்சுதா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். ஜோகூருக்கு வேலையாகப் போயிருந்த கமலநாதனாவது பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதாவது பேசியிருப்பார். இப்போது யாரும் இல்லை. லோகேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"வா, போலாம். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க. நான் பேசறேன்."

*

வழி நெடுக மலர்விழி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் போன ஒரு லோரிக்காரன்தான் பாவம், அவள் வாயில் விழுந்தான்.

தொழிற்சாலை வாசலில், ஜாகாவின் காவல் கூண்டுக்குப் பக்கத்தில் திருமுருகன் நின்றுகொண்டிருந்தான். தீபாவளிக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தான். உள்ளே விடாமல் வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷம் அந்த கேட்டுக்குள் போய் வந்தவனை!

"சாப்பிட்டீங்களா அண்ணி?" என்றான்.

அந்த ஒரு கேள்வியில் லோகேஸ்வரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவன் மேல் இல்லை. இப்படிப்பட்டவனைச் சிவப்புக் கட்டத்தில் போட்ட காகிதத்தின் மேல்.

விசாரணை அறையில் ஏர்கோன் குளிர் எலும்பைத் தொட்டது. மலர்விழியை வெளியே உட்கார வைத்துவிட்டு, லோகேஸ்வரியையும் திருமுருகனையும் மட்டும் உள்ளே விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் மனிதவள மேலாளர் ராதாகிருஷ்ணன். நல்ல மனுஷர் மாதிரிதான் பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார். சுவரில் திரை. திரையில் லோகேஸ்வரியின் நாலு கட்டம், பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பளபளவென்று. கீழே மூலையில் அவள் கம்பெனியின் பெயர்.

"வாங்க மேடம். ரொம்ப தேங்க்ஸ். உங்களை அதிக நேரம் பிடிச்சு வைக்க மாட்டோம்" என்றார் ராதாகிருஷ்ணன். "ரெட் பாக்ஸ்ல இருக்கறவரு க்ரைசிஸ்ல எடுக்கற முடிவு பெரும்பாலும் எமோஷனலா இருக்கும்னு உங்க ஸ்லைடு சொல்லுது. சரிதானே?"

"ஸ்லைடு சொல்லுது. ஆனா திரு விஷயத்துல அது தப்பு."

"ஓ." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு மாசத்துக்கு முன்ன சரியா இருந்துச்சே மேடம். இதே ஸ்லைடை வச்சுத்தான் இன்னொரு சூப்பர்வைசர் அஸ்வினுக்கு ப்ரொமோஷன் குடுத்தோம். அவரு எல்லாத்துக்கும் அஞ்சு போட்டு க்ரீன்ல வந்தாரு. அப்போ நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

சொல்லவில்லைதான். சொல்லாதது மட்டுமா, அஸ்வினோடு கைகுலுக்கிப் போட்டோ வேறு எடுத்துக்கொண்டாள்.

"சார், இது ஒருத்தர்கிட்ட பேச்சை ஆரம்பிக்கறதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். ஒருத்தர் வேலையைப் பறிக்கறதுக்கு இல்ல."

"ரிப்போர்ட்ல எங்கேயும் அப்படி எழுதலையே மேடம். அப்படி எழுதியிருந்தா நாங்க ஏன் இதுக்கு உங்களைக் கூப்பிடப் போறோம்? டீ குடிச்சிக்கிட்டே நாங்களே பேசியிருப்போம்லா."

பக்கத்தில் இருந்த இருவரும் சிரித்தார்கள். லோகேஸ்வரிக்குக் காது சுட்டது. தான் விற்ற பொருளையே எடுத்துத் தன் முகத்தில் அடிக்கிறான், அதையும் மேடம் மேடம் என்று சொல்லிக்கொண்டே அடிக்கிறான்!

விடக்கூடாது என்று ஆரம்பித்தாள். திருமுருகனின் மார்க் ஏன் தவறு, அடக்கமும் தன்னம்பிக்கைக் குறைவும் ஒன்றல்ல, அவனுடைய ஆட்களைக் கேட்டு மார்க் வாங்கியிருந்தால் நீலத்தில் வந்திருப்பான், ஏன், பச்சையிலேயே வந்திருப்பான் என்று எழுந்து நின்று திரையைத் தொட்டுத் தொட்டு விளக்கினாள். ராதாகிருஷ்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். குறுக்குக் கேள்விகள் கேட்டார். இன்னொருவர் நீலத்துக்கும் பச்சைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். அதற்கும் விளக்கினாள். தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு அவளுக்கு.

படாரென்று மேசையில் ஒரு அடி விழுந்தது.

"அண்ணி! போதும், நிறுத்துங்க!"

திருமுருகன் நின்றுகொண்டிருந்தான். பதினைந்து வருஷத்தில் அவன் அவளிடம் குரலை உயர்த்தியதே கிடையாது.

"சிவப்போ பச்சையோ, எனக்கு ஒரு கட்டமும் வேணாம். இவ்வளவு நேரமா பேசறீங்க. அந்த மெஷின்ல வலை ஏன் இல்லைன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அவங்கதான் கேட்க மாட்டாங்க. நீங்களும் கேட்கலையே அண்ணி!"

லோகேஸ்வரி திரையைத் திரும்பிப் பார்த்தாள். நாலு கட்டத்தில் எங்கே தேடினாலும் மெஷின் இல்லை. ஷாஹுல் இல்லை. வலையைக் கழற்றச் சொன்னவன் இல்லை. தப்புச் செய்தவனுக்கு ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இவ்வளவு நேரம் ராதாகிருஷ்ணன் ஏன் அத்தனை பொறுமையாகத் தலையாட்டினார் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அடுத்த வாரம் வரைக்கும் அவள் வண்ணங்களைப் பற்றிப் பேசினாலும் அவர் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்!

"யாரு சார் வலையைக் கழட்டச் சொன்னது?" என்று கேட்டாள்.

"மேடம், அது உங்க ஸ்கோப் இல்ல."

"இவரை வேலையை விட்டுத் தூக்கறது என் ஸ்கோப்பு, அது மட்டும் என் ஸ்கோப்பு இல்லையா?"

"யாரு தூக்கப் போறோம்னு சொன்னா?" ராதாகிருஷ்ணன் ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். "பழைய ஆளு. எங்களுக்கும் மனசு இருக்கு. உணர்ச்சிவசப்பட்டு லைனை நிறுத்திட்டேன், மெஷின்ல குறை எதுவும் இல்லைன்னு அவரு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். மூணு மாசம் லீடர்ஷிப் கோச்சிங். கோச் நீங்கதான் மேடம், உங்க கையெழுத்துக்கும் கீழ இடம் இருக்கு. ஒரே குடும்பம், ஈஸிலா. அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க."

*

கார் பார்க் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மலர்விழி தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். முடித்ததும் புருஷனிடம் பேனாவை நீட்டினாள்.

"போடுங்க."

"மெஷின்ல குறை இல்லைன்னு எழுதியிருக்கு மலர். அப்போ ஷாஹுல் தானே கொண்டுபோய்க் கையை விட்டான்னு ஆயிடும். அவனுக்கு நஷ்டஈடுன்னு ஒண்ணும் கிடைக்காது."

"நமக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. போடுங்க."

"நான் போட மாட்டேன்" என்றாள் லோகேஸ்வரி.

மலர்விழி திரும்பிய வேகத்தில் பேனா கீழே விழுந்தது.

"உங்களுக்கென்ன! இந்தக் கம்பெனி இல்லாட்டி இன்னொரு கம்பெனி. அங்க போய் வேற நாலு கட்டம் போடுவீங்க. இவரை நாப்பத்தி ரெண்டு வயசுல எவன் வேலைக்கு எடுப்பான்? கேட்க வேண்டிய நேரத்துல ஒரு கேள்வி கேட்கல, இப்ப வந்து வீரம் பேசறீங்க!"

"நீ என்னை என்ன வேணும்னாலும் திட்டு. அதுல பாதி உண்மை. ஆனா இந்தப் பொய்க்குக் கீழ என் பேரு வராது."

"அப்போ எங்களை நடுரோட்டுல விட்டுடுவீங்க!"

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க" என்றான் திருமுருகன். "நானே போடப்போறதில்ல."

"ஓஹோ, அண்ணியும் கொழுந்தனும் ஒண்ணு சேர்ந்தாச்சா? நல்லாருங்க!" என்று மலர்விழி காரின் கதவைத் திறந்து, திறந்த வேகத்திலேயே அறைந்து சாத்தினாள். கண் கலங்கியிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளைக் கோபம் விடவில்லை.

அப்போதுதான் திருமுருகனின் போன் அடித்தது. ஷாஹுலோடு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஓர் ஆள். ஸ்பீக்கரில் அவன் மூச்சு வாங்கினான்.

"அண்ணே, ஷாஹுலைக் கூட்டிக்கிட்டுப் போறாங்கண்ணே. ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுன்னு சொல்லி டிக்கெட்டைக் கையில குடுத்துட்டாங்க. பாஸ்போர்ட்டு அவங்ககிட்டதான் இருக்கு. கம்பெனி வேன் இப்பதான் கெளம்புச்சு, ஏர்போர்ட்டுக்கு."

"அவன் போறேன்னு சொன்னானா?"

"எங்கண்ணே சொன்னான்! அழுதுக்கிட்டே ஏறினான். கையில கட்டுகூடப் பிரிக்கல, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தாங்க."

ஷாஹுல் விமானம் ஏறிவிட்டால் வலையைப் பற்றிச் சொல்ல அடிபட்டவனே இருக்க மாட்டான். கை போனது அவன் தப்பு என்று எழுதி மூடிவிடுவார்கள். விஷயம் முடிந்தது.

மலர்விழி போனுக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கட்டுகூடப் பிரிக்காமலா?"

மலர்விழி கீழே கிடந்த பேனாவைக் காலால் தள்ளிவிட்டாள்.

"அவன் பொண்டாட்டி ஜரீனா தினம் எனக்குத்தான் போன் பண்றா. நேத்துகூட அழுதா. கையைச் சரி பண்ணித்தான் அனுப்புவோம், நீ தைரியமா இருன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன். என் வாயால குடுத்திருக்கேன்!" அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். "பாவிப் பசங்க. ஏறுங்க ரெண்டு பேரும்."

"எங்க மலர்?"

"ஏறுங்கன்னா ஏறுங்க!"

*

ஏர்போர்ட்டுக்குப் போகிற எலீட் ஹைவேயில் அவள் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. லோகேஸ்வரி கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி போனை எடுத்தாள். ராதாகிருஷ்ணன்தான் கூப்பிட்டார்.

"மேடம், அஞ்சு ஆகப்போவுது. பேப்பர் இன்னும் வரல."

"ஷாஹுலை எங்க சார் கொண்டுபோறீங்க?"

"மேடம், ஒரு நல்ல லீடர் எதுல தலையிடணும், எதைக் கண்டுக்காம விடணும்னு நீங்கதான் கிளாஸ்ல அழகா சொல்லிக்குடுத்தீங்க."

"கிளாஸ்ல நான் ஆயிரம் சொல்லியிருப்பேன். அந்த வேனைத் திருப்பச் சொல்லுங்க."

"இதோட உங்க காண்ட்ராக்டும் போயிடும் மேடம். வேற கம்பெனிங்களும் கேள்விப்படுவாங்க."

"சொல்லுங்க. எல்லாருக்கும் சொல்லுங்க. என் பேரைச் சரியா எழுதிச் சொல்லுங்க!"

போனை வைத்தாள். இருபது வருஷமாகச் சேர்த்த பெயர் இன்று சாயங்காலத்துக்குள் போய்விடும். போகட்டும் என்று நினைத்தாள். அழுகையும் வந்தது.

"அதோ" என்றான் திருமுருகன்.

டோல் சாவடியில் வரிசை நீண்டு கிடந்தது. இரண்டாவது வரிசையில், பிஸ்கட் படம் போட்ட வெள்ளை வேன். பின் கண்ணாடியில் ஒரு தலை குனிந்திருந்தது.

மலர்விழி ஸ்டீயரிங்கை ஒடித்தாள். வேனுக்கும் அதன் முன்னால் போன காருக்கும் நடுவில் இருந்த சந்தில் தன் மைவி காரின் மூக்கை நுழைத்தாள். வேன்காரன் ஹாரன் அடித்தான். இவள் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. முன்னால் போன கார் தடுப்புக் கட்டையைத் தாண்டிப் போயிற்று, கட்டை இறங்கிற்று. மலர்விழி டோல் கார்டு தட்டுகிற இடத்துக்கு நேராக நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள்.

வேன் பின்னால் ஒட்டி நின்றது. அதற்கும் பின்னால் ஏழெட்டு வண்டி. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

திருமுருகன் இறங்கி ஓடினான். பின்னால் வேன் கதவைத் தட்டும் சத்தமும், "ஷாஹுல், கீழ இறங்குடா!" என்ற குரலும் கேட்டன. வேனுக்குள்ளிருந்து யாரோ அவனைத் திட்டினார்கள். ஹாரன்கள் ஒன்றாகச் சேர்ந்து அலறின. டோல் அலுவலகத்திலிருந்து சீருடை போட்ட ஒருவர் கையை ஆட்டியபடி இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"மலர், கார்டு இல்லையா? என்கிட்ட இருக்கு, தரட்டுமா?" என்றாள் லோகேஸ்வரி பதறிப்போய்.

"இருக்குக்கா." மலர்விழி கார்டை எடுத்துக் காட்டினாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் மூடினாள். "அவன் இறங்கற வரைக்கும் தட்ட மாட்டேன்."

லோகேஸ்வரி சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து வேன் பக்கம் இறங்கினாள்.